அந்த இருபது நிமிடம்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் நீ அழுததே மனதில் நின்றது. பேசினால் பாதி விட்டுப்போகும் என்று எழுதுகிறேன்.

டெலிட் கட்டளையில், எந்தப் பதிவுகளை அழிக்க வேண்டும் என்று சொல்லும் WHERE பகுதியை விட்டுவிட்டாய், ஒரு டேபிளே காலியானது. சரி, டேட்டாபேஸைப் பராமரிக்கும் நம் வேலையில் அது நடக்கும். பேக்கப் இருந்தது, மீட்டுவிட்டீர்கள். யாரிடமும் சொல்லாமல் இருபது நிமிடம் தனியாகப் போராடினாயே, அதுதான் என்னை உறுத்துகிறது. அந்த நேரம் முழுக்கப் பயனர்கள் புதுப்புதுப் பதிவுகளைப் போட்டபடி இருந்தார்கள். டேட்டாபேஸைப் பழைய நிலைக்குக் கொண்டுபோனால் அவை போய்விடும். அவற்றைத் தனியே பிரித்தெடுத்துச் சேர்ப்பதற்குத்தான் உன் குழு விடிய விடிய உட்கார்ந்தது.

நானும் செய்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், டெஸ்ட் சர்வர் என்று நினைத்து, பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் புரொடக்‌ஷனில் ஒரு டேபிளை டிராப் செய்து அடியோடு அழித்துவிட்டேன். சீனியரிடம் போய் நின்றபோது வார்த்தையே வரவில்லை. அவர் திட்டவில்லை. "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். அந்த நேரம் சரியாகத் தெரிந்தால்தான் பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, அதன்மேல், மாற்றங்கள் ஒவ்வொன்றாகப் பதிவாகியிருக்கும் லாக்கைத் தவறு நடந்ததற்கு முந்தைய நொடி வரை ஓட்டி நிறுத்த முடியும். அன்று முதல் என் புரொடக்‌ஷன் திரைக்குச் சிவப்புப் பின்னணிதான். நீயும் இன்றே மாற்றிவிடு.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? நகல் வைத்திருக்கும் இரண்டாம் சர்வர் என்று நினைத்து, ஒரு பொறியாளர் முதன்மை சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்தும்போது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடிப் போனால் அந்த இடம் காலி! டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுத்த கருவியோ 9.2, அதனால் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான், அந்த நேரத்து டேட்டாவின் நகல்தான், காப்பாற்றியது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அவர்கள் எதையும் மறைக்காதது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். பின்னால் வந்த அறிக்கையில் அந்தப் பொறியாளர் பெயர் இல்லை, எது எப்படித் தவறியது என்பது மட்டும் இருந்தது. நம் வேலை செய்பவர்கள் எங்கெங்கிருந்தோ ஆறுதல் எழுதினார்கள். ஏளனம் செய்ய அவர்களுக்கு எப்படி மனம் வரும்? அந்த வயிற்றுக் கலக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இனி டெலிட்டுக்கு முன் அதே WHERE பகுதியோடு ஒரு செலக்ட் போட்டு, எத்தனை பதிவுகள் வருகின்றன என்று பார். அப்புறம் டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி டெலிட் செய். எண்ணிக்கை பொருந்தினால் கமிட் செய்து உறுதியாக்கு, இல்லையென்றால் ரோல்பேக் செய்து பழையபடி ஆக்கிவிடு. நடுவில் எழுந்து போய்விடாதே, திறந்து கிடக்கும் டிரான்சாக்‌ஷன் மற்றவர்களைக் காக்க வைக்கும். மாதம் ஒருமுறையாவது பேக்கப்பை வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்து பார்.

நடந்ததை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாயே, நிமிடக் கணக்கோடு எழுது. அந்த இருபது நிமிடத்தை விட்டுவிடாதே. கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பு, படித்துப் பார்க்கிறேன். இன்று அவசர அழைப்புகளை எடுக்கும் ஆன்கால் பொறுப்பு வேறொருவரிடம்தானே? போனை அணைத்துவிட்டுத் தூங்கு.

அன்புடன்,
அம்மா