முப்பத்தோராவது நாள்

திருநெல்வேலி,
ஆவணி 9

அன்புள்ள சுப்பையா,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. பொங்கலுக்கு நீ போட்ட கடிதம் மேஜை டிராயரில் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்தும், டிராயரை மூடிவிடுவேன். போனில் பேசலாம்தான். ஆனால் நீ பேத்தியில் ஆரம்பித்துச் சர்க்கரை அளவில் கொண்டுபோய் முடிப்பாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகும். அதனால்தான் தாளை எடுத்தேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது? கோமதி உங்கள் இரண்டு பேரையும் கேட்டாள். பொன்னையா சார் தவறிய செய்தி உனக்கு வந்திருக்கும். நான் போயிருந்தேன், உன் பெயரிலும் ஒரு மாலை போட்டேன். மாடிப்படிக் கோஷ்டியில் நான், அருணாசலம், செல்லத்துரை மூன்று பேர்தான் வந்திருந்தோம். செல்லத்துரை அங்கேயும் அந்தக் கணக்கு நோட்டு விஷயத்தை எடுத்தான் என்றால் நம்புவாயா! நம்புவாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பையனின் வழக்கு என்னிடம் வந்திருக்கிறது. வயது 19. கடையை உடைத்த கேஸ், குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேரில் இவன் மூன்றாவது. கைதான நாலாம் நாள், விசாரிக்க வேண்டும் என்று சிறையிலிருந்து இரண்டு நாள் போலீஸ் கஸ்டடி எடுத்தார்கள். முடிந்து கிளைச் சிறைக்குத் திரும்பினான். உள்ளே இருந்த பழைய ஆட்கள் அவனுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார்கள். “பதினஞ்சு நாள் தாண்டிட்டா அப்புறம் போலீஸ் உன்னைக் கூட்டிட்டுப் போக முடியாது தம்பி.” பதினாறாம் நாள் ராத்திரிதான் நன்றாகத் தூங்கினானாம். 31-ஆம் நாள் மறுபடியும் கஸ்டடி கேட்டு மனு போட்டார்கள்.

கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: “சார், அது முடிஞ்சுபோச்சுன்னு சொன்னாங்களே?”

நான் தொழிலுக்கு வந்து 34 வருடம் ஆகிறது. அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே வாய் வரவில்லை. சிறையில் அவனுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. 2024 ஜூன் 30 வரை அதுதான் சட்டம். போலீஸிலேயே காலம் தள்ளியவன் நீ, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167-ஆவது பிரிவை ஒப்பிப்பாய். போலீஸ் காவல் மொத்தம் 15 நாள், அதுவும் முதல் 15 நாளுக்குள். அனுபம் குல்கர்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அறுதியாகச் சொன்னது 1992-இல், நான் ஜூனியராகக் கேஸ் கட்டு தூக்கிக்கொண்டிருந்த காலம். இப்போது 167 போய், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187 வந்துவிட்டது. மொத்தம் அதே 15 நாள்தான். ஆனால் அதை ஒரேயடியாகவும் எடுக்கலாம், துண்டு துண்டாகவும் எடுக்கலாம். வழக்கைப் பொறுத்து முதல் 40 நாளுக்குள்ளோ 60 நாளுக்குள்ளோ எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பையன் மேல் இருக்கும் பிரிவுகளுக்கு 40 நாள் கணக்கு. ஆகவே 31-ஆம் நாள் மனு சட்டப்படி சரி.

நீ இதைப் படிக்கும்போதே என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அந்த நகைக்கடை ஆள் கதையைச் சொல்வாய். ரிமாண்ட் ஆன மறுநாள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்து, பதினாறாம் நாள் எழுந்து நடந்து போனானே, அவன் கதை. அது நிஜமான பிரச்சினைதான், நான் மறுக்கவில்லை. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் முன்னாலேயே அப்படி ஒரு வழக்கு வந்தது. சி.பி.ஐ. வாங்கிய காவலை ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒருவர் வீணாக்கியிருந்தார். 15 நாள் கழிந்த பிறகும் மிச்ச நாளை எடுக்க நீதிமன்றம் அனுமதித்தது. பழைய தீர்ப்பையே மறுபடி பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. புதிய சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷாவும் ஆஸ்பத்திரியைத்தான் காரணமாகச் சொன்னார். 15 நாள் என்பது கூடவில்லை என்றும் விளக்கினார். அப்படியானால் ஆஸ்பத்திரியில் கழிந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதாதா? பணம் இருக்கிறவன் செய்த தந்திரத்துக்காக, ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத இந்தப் பையன் நாற்பது நாளும் வாசல் சத்தத்தைக் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

நான் எதிர்த்து வாதாடினேன். மாஜிஸ்திரேட் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் இரண்டு நாள் கொடுத்தார். போகும்போதும் வரும்போதும் மருத்துவப் பரிசோதனை, நடுவில் நான் போய்ப் பார்க்க அனுமதி, இரண்டையும் உத்தரவிலேயே எழுதினார். இந்தத் தடவை யாரும் கை வைக்கவில்லை என்று பையன் சொன்னான். “இந்தத் தடவை” என்றுதான் சொன்னான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அன்று ராத்திரி எனக்கு ஒரு எண்ணம் பிடித்துக்கொண்டது. இந்த வரி எங்கிருந்து வந்தது? யாராவது இதை நிறுத்திக் கேள்வி கேட்டார்களா? ஜூனியர் பெண்ணிடம் சொல்லி நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையை எடுத்துத் தரச் சொன்னேன். பழைய தண்டனைச் சட்டம், நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றையும் மாற்ற வந்த மூன்று மசோதாவுக்கும் தனித்தனி அறிக்கை, 246, 247, 248 என்று எண். நம் விஷயம் 247. ஒரு வாரமாக ராத்திரி அதுதான் படிப்பு. கோமதிக்குக் கோபம். ஆனால் சுப்பையா, இவ்வளவு நாள் இதையெல்லாம் படிக்காமல் இருந்தோமே என்று எனக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது.

மசோதாக்கள் மக்களவைக்கு வந்தது 2023 ஆகஸ்ட் 11. உடனே உள்துறை நிலைக்குழுவுக்குப் போயின. குழுவின் தலைவர் உன்னைப் போலப் போலீஸ்காரர்தான், உத்தரப் பிரதேசத்தில் டி.ஜி.பி.யாக இருந்த பிரிஜ் லால். நம் பக்கத்திலிருந்து தயாநிதி மாறன், என்.ஆர். இளங்கோ. ப. சிதம்பரமும் இருந்தார். மூன்றே மாதம், நவம்பர் 10-இல் அறிக்கை கொடுத்துவிட்டார்கள். 1860-இல் இருந்து நாம் வாழ்ந்து வந்த ஒரு வீட்டை இடித்துக் கட்ட மூன்று மாதம் போதாது. ஆனாலும் குழு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கைவிலங்கு பற்றிய பிரிவில் பொருளாதாரக் குற்றங்களையும் சேர்த்திருந்தார்கள். செக் விவகாரத்தில் வந்தவனுக்கும் கொலைகாரனுக்கும் ஒரே விலங்கா என்கிற மாதிரிக் கேள்வி எழுந்தது, அதை எடுக்கச் சொன்னார்கள், அரசும் எடுத்தது. ‘சமூக சேவை’ என்று ஒரு தண்டனையை வைத்துவிட்டு அது என்ன என்றே சொல்லாமல் விட்டிருந்தார்கள்; விளக்கம் எழுதச் சொன்னார்கள், எழுதினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, கேமரா இல்லாமல், வெவ்வேறு கட்சிக்காரர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவாகப் படித்தால் இவ்வளவு நடக்கிறது! டி.வி.யில் கத்துவதைப் பார்த்து நாடாளுமன்றமே இவ்வளவுதான் என்று நானும் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன்.

நம் பிரிவும் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. 187-இல் இந்தப் பதினைந்து நாள் விஷயத்தில் குழப்பத்துக்கு இடம் இருக்கிறது, பொருள் தெளிவாகும்படி திருத்துங்கள் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். அந்த இடத்தைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஆனால் டிசம்பரில் பழைய மசோதாவை வாபஸ் வாங்கிப் புதிதாகக் கொண்டுவந்தபோதும் இந்த ஏற்பாடு அப்படியே நின்றது. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. அவை கேட்டால்தான் உண்டு.

அவை என்ன நிலையில் இருந்தது? டிசம்பர் 13-ஆம் தேதி மக்களவைக்குள் இரண்டு பேர் குதித்துப் புகை விட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? உள்துறை அமைச்சர் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கேட்டவர்களை வரிசையாக இடைநீக்கம் செய்தார்கள். 18-ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு அவையிலும் சேர்த்து 78 பேர். அதற்கு நாலு நாள் முன்னால், அன்று அவைக்கே வராத அப்போதைய சேலம் எம்.பி. பார்த்திபன் பெயரையும் சேர்த்துவிட்டு, அப்புறம் எடுத்தார்கள். மொத்தம் 146 பேர். 20-ஆம் தேதி மூன்று சட்டமும் மக்களவையில் நிறைவேறியபோது அந்த அவையில் மட்டும் 97 பேர் வெளியே. மறுநாள் மாநிலங்களவை. முடிந்தது. குரல் கொடுத்தவர்கள் சிலர் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு கோர்ட்டையும் ஒவ்வொரு ஸ்டேஷனையும் தொடுகிற சட்டம் அது. அரைகுறை அவையில் அதை நிறைவேற்றியது தப்பு என்று எந்தக் கட்சிக்காரனிடமும் நான் சொல்வேன்.

15-ஆவது மக்களவையில் (2009–14) மசோதாக்களில் 71 சதவீதம் குழுக்களுக்குப் போயின. 17-ஆவதில் (2019–24) 16 சதவீதம். எனக்கு இந்த எண் மனசிலிருந்து போகவே மாட்டேன் என்கிறது. குழுவுக்குப் போன இந்த மூன்று மசோதாவுக்கே இந்தக் கதி என்றால், போகாதவற்றின் கதி?

அப்புறம் பழையதையெல்லாம் தோண்ட ஆரம்பித்துவிட்டேன். 2010 மே மாதம் சித்திரவதைத் தடுப்பு மசோதா என்று ஒன்று மக்களவையில் நிறைவேறியது. ரொம்பப் பலவீனமான மசோதா. மாநிலங்களவை அதை அப்படியே விழுங்காமல் ஒரு தெரிவுக்குழுவிடம் கொடுத்தது. அஸ்வினி குமார் தலைவர். ஆறு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்று இருந்ததை இரண்டு வருடமாக மாற்றச் சொன்னார்கள், இன்னும் பலவற்றை இறுக்கினார்கள், அந்த டிசம்பரிலேயே அறிக்கை கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு மூன்றரை வருடம் அதை யாரும் எடுக்கவில்லை. 2014-இல் மக்களவை கலைந்தது, மசோதா காலாவதியானது. 1997-இல் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட நாடு நாம், இன்று வரை அதை உறுதி செய்யவில்லை. 2017 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை ஐந்து வருடத்தில் போலீஸ் காவலில் இறந்ததாக மனித உரிமை ஆணையத்தில் பதிவானவை 669 என்று அரசே மாநிலங்களவையில் பதில் சொன்னது. சாத்தான்குளத்து அப்பாவும் பிள்ளையும் அந்த வருடங்களில்தான். அதை மக்கள் மறப்பதற்குள் 2025-இல் திருப்புவனத்தில் இன்னொரு காவல் மரணம்.

கோபப்படாதே. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீ 36 வருட சர்வீஸில் ஒரு ஆளை அடித்ததில்லை என்பது எனக்குத் தெரியும், அதற்காக உன்னை ஸ்டேஷனில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதும் தெரியும். உனக்காகவும் ஒரு அறிக்கை எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லத்தான் இதையெல்லாம் இழுத்தேன். இதே நிலைக்குழு, 2022 பிப்ரவரியில், ஆனந்த் சர்மா தலைவராக இருந்தபோது, 237-ஆவது அறிக்கை. காவல்துறைப் பயிற்சியும் சீர்திருத்தமும் பற்றியது. நாடு முழுக்க 26 லட்சம் பேர் இருக்க வேண்டிய இடத்தில் 21 லட்சத்துக்கும் குறைவானவர்களே இருக்கிறார்கள், அந்தச் சுமை அவர்களுடைய மனதையும் விசாரணையின் தரத்தையும் கெடுக்கிறது என்கிறார்கள். 257 ஸ்டேஷனில் வண்டி இல்லை, 638-இல் டெலிபோன் இல்லை என்பதையும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நீ அந்த மலையடிவார ஸ்டேஷனில் இருந்தபோது கடைக்காரர் போனில்தானே எனக்குப் பேசுவாய்? மகள் நிச்சயதார்த்தத்துக்கு லீவு கேட்டதற்குப் பந்தோபஸ்து டூட்டி போட்டார்களே, மண்டபத்துக்குச் சீருடையோடு வந்தாயே. அதெல்லாம் உன் தலைவிதி என்று நீ சொல்வாய். இல்லை, அது சரிசெய்ய வேண்டிய குறை என்று ஒரு நாடாளுமன்றக் குழு எழுதி வைத்திருக்கிறது.

போலீஸ் மாநில விஷயம், டெல்லியில் என்ன பேசி என்ன என்றும் கேட்பாய். நியாயம்தான். ஆனால் நம் சட்டமன்றத்தில் துறைவாரியாக இப்படி ஒரு குழுவே கிடையாது. வருடத்துக்கு ஒரு தடவை காவல்துறை மானியக் கோரிக்கை வரும், கொள்கை விளக்கக் குறிப்பு கொடுப்பார்கள், ஒன்றிரண்டு நாள் பேசுவார்கள், முதலமைச்சர் பதில் சொல்வார். எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான். பக்கத்துக் கேரளத்தில் மானியங்களைக் குழுக்களில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நீ கோட்டைக்கு வெளியே வெயிலில் நின்ற அன்று உள்ளே உங்கள் துறை மானியம்தான் ஓடியது என்றாயே. உள்ளே உன்னைப் போல ஒருத்தரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருந்தால் எவ்வளவு சொல்லியிருப்பாய்!

ஆகவே நீ எனக்கு ஒன்று செய். 187 பற்றி நான் இரண்டு பக்கம் எழுதுகிறேன்: இந்தப் பையன் கதை, ஊர் பேர் இல்லாமல், ஆஸ்பத்திரி நாளைக் கழிக்கும் ஒரு திருத்தத்தோடு. நீ இரண்டு பக்கம் எழுது. பதினைந்து நாள் போலீஸுக்கு எங்கே போதவில்லை, ஏன் போதவில்லை. ஆள் இல்லாமலா, வண்டி இல்லாமலா, ரசாயனப் பரிசோதனை முடிவு வராமலா. ஒளிக்காமல் எழுது. ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவன் நீ, உன் எழுத்து முத்து முத்தாக இருக்கும், டைப் அடிக்கக்கூட வேண்டாம். வக்கீலும் போலீஸும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் நம் எம்.பி. படிக்காமல் வைக்க மாட்டார். அவர் கையில் கொடுத்து, நிலைக்குழுவுக்கு அனுப்பச் சொல்வோம். எனக்கு எதிராகவே நீ எழுதினாலும் சரி. அதையும் சேர்த்துத்தான் கொடுப்பேன்.

புரட்டாசிக்கு இங்கே வருவதாகச் சொன்னாயே, தேதி போட்டு எழுது. அருணாசலம் வீட்டு மாடியில் எல்லாரும் படுத்துக்கொள்ளலாம். பேத்திக்கு அல்வா வாங்கி வைக்கிறேன், உனக்குக் கிடையாது.

அடுத்த வியாழக்கிழமை பையனுக்கு 60 நாள் முடிகிறது. அதற்குள் சார்ஜ் ஷீட் வராவிட்டால் மறுநாள் காலையிலேயே பெயில் மனு போட எல்லாம் தயார். அவன் அம்மா ஜாமீனுக்கு இரண்டு பேரைப் பிடித்து, அவர்கள் ரேஷன் கார்டு நகலை இப்போதே என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அன்புடன்,
சண்முகம்