படை என்றேன், மடை என்று எழுதினாய்

அன்புள்ள மாணவிக்கு,

இன்று ஜூலை 10. காலையில் பஸ் வேலூர் மக்கான் சந்திப்பைத் தாண்டும்போது சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைப் பார்த்தேன். உன் நோட்டு ஞாபகம் வந்துவிட்டது. உன் பெயரையும் ஊரையும் எழுதப்போவதில்லை. நம் கல்லூரிக்காரர்களும் இதைப் படிப்பார்கள்.

அந்த 1806 வேலூர்ப் புரட்சிப் பாடம்தான். வழக்கம்போல நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தேன். புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்று சிப்பாய்களுக்கு வந்த உத்தரவு, ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி கொண்டுவந்த குதிரைப் படை. நீ பக்கத்தில் இருந்தவளின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாய்.

"ஏம்மா, சொல்றது காதுல விழலையா?" என்றேன்.

எழுந்து நின்று, "இல்ல மேடம்" என்றாய். வகுப்பே சிரித்தது. திமிர் என்று நினைத்து வெளியே அனுப்பினேன். அந்தக் கதவு யார் போனாலும் படாரென்று அடிக்கும். நீ இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாய்.

அன்று சாயங்காலம் உன் நோட்டைத் திருத்தினேன். 'குதிரை மடை' என்று இரண்டு இடத்தில் இருந்தது. சிவப்பில் வட்டம் போட்டு, 'கவனம் தேவை' என்று எழுதினேன். ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று காது கேளாதோர் பள்ளி ஆசிரியர் ஒருவர் ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று படை, மடை என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. உதட்டைப் பார்த்தால் எழுத முடியாது, எழுதக் குனிந்தால் உதடு போய்விடும். நீ வேறு என்னதான் செய்திருக்க முடியும்?

பள்ளி ஆசிரியருக்காவது பி.எட். உண்டு. கல்லூரியில் எங்களுக்கு முதுகலையும், நெட்டோ செட்டோ ஒரு தகுதித் தேர்வும் இருந்தால் போதும், பாடம் எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கு எப்படிச் சொல்லித்தந்தார்களோ அப்படியே 60 பேருக்கு நானும் சொன்னேன். நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காது கேட்கும் மிஷின் தெரியாமல் முடியைக் காதுமேல் இறக்கிப் பின்னிக்கொண்டு வருவாய். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜைமேல் வைத்திருந்தால்கூடப் போதுமே. இத்தனை வருஷம் இந்தப் பாரத்தை என்மேல் ஏற்றிவிட்டுப் போய்விட்டாய்.

சொல்லியிருந்தால் எல்லார் முன்னாலும் முதல் பெஞ்சுக்கு இழுத்து உட்காரவைத்திருப்பேன். அதற்குத்தான் பயந்தாய். சரிதான்.

உன் மாற்றுத்திறனாளி சான்றிதழ் ஆபீஸில் இருந்ததாம். என் கைக்கு வரவில்லை. அதைப் பற்றி இங்கே இதற்குமேல் வேண்டாம்.

நீ போன பிறகு, 2016-ல் மாற்றுத்திறனாளிகளுக்குப் புதுச் சட்டம் வந்தது. 21 வகைக் குறைபாடுகள், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 சதவீத இடம். இடம் வாங்கி உள்ளே வருகிற பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டைப் பார்த்துப் பேசினால் அந்த இடம் எதற்கு?

இந்த வருஷம் நோட்ஸ் சொல்வதை நிறுத்திவிட்டேன். முந்தின நாளே ஜெராக்ஸ் கொடுத்துவிடுகிறேன். எழுதும்போது பேசுவதில்லை, திரும்பி நின்ற பிறகுதான் வாய் திறக்கிறேன். ஜன்னலுக்கு முன்னால் நின்றால் பின்வெளிச்சத்தில் முகம் இருட்டாகிவிடும், அதனால் கதவோரம் நிற்கிறேன். கடைசி பெஞ்சில் யாராவது கேள்வி கேட்டால் அதை நானும் ஒருமுறை சொல்கிறேன். ஃபேனை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த இரைச்சலையும் மிஷின் பெரிதாக்கிக் காட்டும் என்று தெரிகிறது, ஆனால் வேலூர் வெயிலில் எப்படி நிறுத்துவது? 'நோட்ஸ் கையில் கிடைத்தால் எவன் வகுப்புக்கு வருவான்' என்று துறையில் ஒருவர் கேட்டார். வருகிறார்கள். ராத்திரி வேலைக்குப் போய்விட்டுத் தூங்கி வழியும் பையன் ஒருவன் இப்போதுதான் கேள்வியே கேட்கிறான்.

டிசி வாங்க நீ வரவில்லை, அம்மாவை அனுப்பினாய். "நீங்க திட்டினதுக்கில்ல மேடம், பஸ்ஸு தூரம்" என்றார். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார். அப்போதாவது உட்காரச் சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நோட்டு அலமாரியில் இருந்தது, அதைக்கூட எடுத்துத் தரவில்லை.