ஜி.என்.ஆர். பெயர்ப்பலகையைத் திரும்ப மாட்டுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் கட்டடத்துக்கு வண்ணம் பூசியபோது கழற்றிய 'ஜி.என். ராமச்சந்திரன் கட்டடம்' என்ற பலகை இன்னும் மேலேறவில்லை. அந்த இடத்தில் 'பிளாக் 3' என்று எழுதியிருப்பதும், முன்னாள் மாணவர்களின் மனு தங்கள் மேசையில் கிடப்பதும் தாங்கள் அறிந்ததுதான். பலகையைத் திரும்ப மாட்டுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

தங்கள் அலுவலகம் அந்தப் பெயரை மறந்துவிடவில்லை. நுழைவுத் தேர்வு ஹால் டிக்கெட்டில் 'ராமச்சந்திரன் கட்டடம், முதல் மாடி' என்றே அச்சாகியிருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் அதை வைத்துக்கொண்டு வளாகம் முழுக்க அலைந்தாள். வாசல் காவலாளி பணிக்குப் புதியவர். அந்தப் பலகையைப் பார்த்ததே இல்லை. ராமச்சந்திரன் என்றதும் பேருந்து நிறுத்தத்து எம்.ஜி.ஆர். சிலைக்குக் கைகாட்டிவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது தேர்வறைக் கதவைச் சாத்தியிருந்தார்கள். கெஞ்சினாள். விதி விதிதான் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பெயருக்கு உரியவர் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றவர். நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னவர். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று காட்டும் வரைபடத்தை 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரனுடன் வெளியிட்டார். புதிய புரத அமைப்புகளை ஆய்வாளர்கள் இன்றும் அந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். 'பிளாக் 3' வகுப்புகளில் அது பாடமாகவும் நடக்கிறது!

அதே கட்டடத்தில் லிஃப்ட் திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளபளக்கிறது. திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் என எல்லோர் பெயரும் உண்டு, லிஃப்ட்தான் ஓடுவதில்லை. விருந்தினர் வருகிறார் என்றால் ஒரே இரவில் பேனர் கட்ட ஆள் கிடைக்கிறது. நாலு ஆணி அடிக்க மட்டும் டெண்டர் விட வேண்டுமாம்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. பலகை கிடங்கில் உடைந்த மேசைகளுக்கு நடுவே சாய்ந்து கிடக்கிறது. தயவுசெய்து அதை எடுத்து மாட்டச் சொல்லுங்கள். கீழே அவர் யார் என்று இரண்டு வரி எழுதினால் காவலாளிக்கும் உதவும். அதுவரை ஹால் டிக்கெட்டிலாவது 'பிளாக் 3' என்றே அச்சிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு மறுதேர்வு வைக்க வழியுண்டா என்றும் பார்க்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
இயற்பியல் துறை முன்னாள் மாணவன்