பாஸ்புக்கில் ஒரு வரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. கோயம்புத்தூரில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது, எங்கே தொடங்குவதென்றுதான் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அலுவலகத்தில் சிலர் சேர்ந்து குழந்தைகள் காப்பகத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார்களாம், அவர்களோடு போகலாமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாகப் போய் வா. ஆனால் என்னைக் கேட்டால், உன் குடியிருப்புக்குள்ளேயே வேலை காத்துக் கிடக்கிறது என்பேன். வாசலில் உட்காரும் காவலாளி, மாடிப்படி பெருக்குகிற அம்மா, உன் வீட்டில் பாத்திரம் துலக்கித் தருபவர் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், ஏதோ ஒரு காகிதம் எங்கோ ஓர் அலுவலகத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அது என்னவென்று கேட்பதில் தொடங்கு.

நான் வங்கியில் வேலை பார்த்தபோது ஒரு பெண், இறந்துபோன கணவரின் கணக்கை முடிக்க வந்தார். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். கணவர் சைக்கிளில் போகும்போது லாரி மோதிவிட்டது. கணக்கில் மிச்சம் கிடந்ததை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார். பாஸ்புக்கைப் புரட்டினேன். மே மாதக் கடைசியில் 12 ரூபாய் பிடித்தம் என்று ஒரு வரி இருந்தது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்கிற விபத்துக் காப்பீட்டுக்கான சந்தா அது. 2015-இல் தொடங்கியபோது ஆண்டுக்கு 12 ரூபாய், 2022-இலிருந்து 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முதல் தகவல் அறிக்கையின் நகலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வீட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. எதற்கு உதவும் என்று தெரியாமலே, போலீஸ் கொடுத்த காகிதம் என்று எடுத்து வைத்திருந்தார். மறுநாள் கொண்டுவந்தார், சேர்ந்து உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம், பணம் வந்தது. அந்த வரி கண்ணில் படாமல் கணக்கை முடித்திருந்தால், அவருக்குச் சேர வேண்டிய 2 லட்சம் அப்படியே போயிருக்கும் என்பதை இன்றும் என்னால் பதறாமல் நினைக்க முடிவதில்லை.

ஆகவே உன் குடியிருப்பில் யார் வீட்டிலாவது சாவு நேர்ந்தால், துக்கம் கொஞ்சம் ஆறியதும் பாஸ்புக்கைப் பார்க்கச் சொல். அந்த 20 ரூபாய் பிடித்தம் மட்டுமில்லை, 436 ரூபாய் பிடித்தம் இருந்தால் அது ஜீவன் ஜோதி என்கிற ஆயுள் காப்பீடு. அதற்கு விபத்தாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உயிரோடு இருப்பவர்களிடம் சொல்ல வேண்டியது, மே மாதக் கடைசி வாரத்தில் கணக்கில் அந்தப் பணம் இருக்கட்டும் என்பதை. இல்லாவிட்டால் காப்பீடு அறுந்துபோகும், அறுந்தது யாருக்கும் தெரியாது.

அடுத்தது பெயர். இதில்தான் நம் ஜனங்கள் படுகிற பாடு சொல்லி மாளாது. ஆதாரில் மாரியம்மாள், ரேஷன் அட்டையில் மாரியம்மா, வங்கியில் கணவர் பெயரைச் சேர்த்து மாரியம்மாள் முருகன், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் வெறும் மாரி. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். எல்லாம் ஒரே ஆள்தான், தெருவில் எல்லோருக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். அதனால் அவசரப்பட்டு இ-சேவை மையத்துக்கு அழைத்துக்கொண்டு ஓடாதே. எல்லாக் காகிதங்களையும் தரையில் பரப்பி வைத்து, எந்த எழுத்து இனி நிலைக்கப் போகிறது என்று அவரையே முடிவு செய்யச் சொல்லிவிட்டு, பிறகு போ.

இங்கே கோவில்பட்டியில் நம் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைத்தான் செய்கிறேன். முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர்கள் வருகிறார்கள். 2023-இல் அதை 1200 ரூபாய் ஆக்கினார்கள். ஒரு மாதம் வரவில்லை என்றால் மருந்துச் செலவு நின்றுவிடுகிற வீடுகள் இருக்கின்றன. ரேஷன் கடையில் கைரேகை விழாதவர்கள் வருகிறார்கள். வேலை செய்தே ரேகை தேய்ந்த விரல்கள். அவர்களுக்குப் பதிலாக வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் ஒன்று உண்டு, அதை எழுதிக் கொடுக்கிறேன். நேரே தூத்துக்குடிக்குப் போய்த் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களிடம், முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் அவர்களுக்குச் சின்னச் செலவில்லை.

சில விஷயங்களில் கறாராக இரு. யாருடைய ஆதாரையும் உன் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளாதே. ஓடிபி வந்தால் அவரே பார்த்து அவரே அழுத்தட்டும். காசு வாங்காதே, உதவி செய்ததைப் படம் பிடித்துப் போடாதே. 'கண்டிப்பாகக் கிடைத்துவிடும்' என்று சொல்லாதே. மனு போட்டிருக்கிறோம், இந்தத் தேதிக்கு மேல் போய்க் கேட்போம் என்று சொல். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதே. கவுன்ட்டரில் அவருக்காக நீ பேசாமல், அவர் பேசும்போது பக்கத்தில் நில். கையில் காகிதத்தோடு ஒருவர் கூட நிற்கிறார் என்றாலே அங்கே பேச்சின் தொனி மாறுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

உன் வீட்டில் வேலை செய்பவர் வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேள். 2007-இலிருந்து அந்த வாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. பதியாவிட்டால் நீயே கூட இருந்து பதிந்து கொடு. காவலாளி ஒடிசாக்காரர் என்று எழுதியிருந்தாய். அவருடைய ஊர் ரேஷன் அட்டைக்கு இங்கேயே அரிசி வாங்கலாம் என்பது அவருக்குத் தெரியுமா என்றும் விசாரி.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. மாடிப்படி பெருக்குகிற அம்மாவின் மகள் இந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்றாயே, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவளா? படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவளுக்கு உண்டு. விண்ணப்பத்தைக் கல்லூரி மூலமாகத்தான் போட வேண்டும். சேர்ந்தாளா, விட்டுப்போயிற்றா என்று நாளைக்கே கேட்டு எனக்குச் சொல். வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும், அதையும் பார்த்துவிடு.

உன் அம்மா