மாமா, 1945-க்கு அப்புறமும் ஃபாயில் இருக்கிறார்

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற இங்கிலாந்துக் கடற்கரை ஊரில் கொலைகளைத் துப்பறியும் போலீஸ் அதிகாரி ஃபாயிலின் கதையான 'ஃபாயில்ஸ் வார்' டிவி தொடரை 'ஆல் கிளியர்' கதையோடு நிறுத்திவிட்டீர்கள் என்று அத்தை சொன்னார். ஜெர்மனி சரணடைந்துவிட்டது, ஹேஸ்டிங்ஸ் ஊரே கொண்டாடுகிறது, ஃபாயில் ஓய்வுபெறத் தயாராகிவிட்டார், இனி பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்களாம். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே மறித்துப் பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன். இதே இடத்தில் நிறுத்தியவர்கள் உங்களைப் போல இன்னும் பலர் இருப்பார்கள். எனவே எல்லோரும் படிக்கும்படியே போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தொடரை ஒளிபரப்பிய ஐடிவியே அப்படித்தான் நினைத்தது. 2002-ல் ஆரம்பித்த தொடரை 2007-ல் முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். எழுதிய ஆன்டனி ஹோரோவிட்ஸ், நடுவில் வைத்திருந்த கதைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு 1945 மே மாதத்துக்குத் தாவ வேண்டியதாயிற்று. போரின் பின்பாதி ஏன் இத்தனை வேகமாக ஓடுகிறது என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். காரணம் இதுதான். 2008-ல் 'ஆல் கிளியர்' வந்தபோது கூட்டம் குறையவே இல்லை என்று தெரிந்ததும் மனம் மாறித் திரும்பக் கூப்பிட்டார்கள். 2010, 2013, 2015 என்று மூன்று தடவை, தடவைக்கு மூன்று கதை. மொத்தம் 28 கதைகளில் நீங்கள் விட்டது இந்த ஒன்பதையும்.

முதல் கதையை நினைத்துப் பாருங்கள். 1940 மே மாதம், பிரான்ஸ் விழுந்துகொண்டிருக்கிறது. இங்கே ஒரு ஜெர்மன் பெண் கொல்லப்படுகிறாள். அவளுக்காக ஊரில் அழ ஆளில்லை. கடைசியில் மாட்டிக்கொள்கிறவன், போருக்கு நான் தேவைப்படுகிறவன், செத்தது ஒரு ஜெர்மன்காரி என்கிற தோரணையில் பேசுகிறான். கொலை கொலைதான் என்று சொல்லி ஃபாயில் அவனைப் பிடித்து உள்ளே போடுகிறார். பிரமாதமான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்க்கும்போது நமக்கு ஏதாவது சங்கடம் இருந்ததா? ஃபாயில் பக்கம் நிற்பதற்கு நாம் கொஞ்சமாவது யோசித்தோமா? கொலைகாரன் சொல்வது வெறும் சாக்கு என்பது அவனுக்கே தெரியும். போர்க்காலக் கதைகளில் பாதிக்கு மேல் இந்த மாதிரிதான். ஆயிரக்கணக்கில் சாகும்போது ஒரு சாவு கணக்கா என்று எவனாவது கேட்பான், கணக்குதான் என்று ஃபாயில் சொல்வார், நாம் நிம்மதியாகத் தூங்கப் போவோம்.

விதிவிலக்காக 'ஃபிஃப்டி ஷிப்ஸ்' இருக்கிறது. அமெரிக்காவிடமிருந்து 50 பழைய போர்க்கப்பல்கள் வந்தால்தான் ஆச்சு என்று பிரிட்டன் தவித்துக்கொண்டிருந்த 1940 செப்டம்பர். அந்த உதவிக்கு அவசியமான அமெரிக்கத் தொழிலதிபர் ஹோவர்ட் பேஜ்தான் கொலைகாரன். ஃபாயிலுக்கு எல்லாம் தெரியும், ஆனால் கைவைக்க முடியவில்லை. போர் ஒருநாள் முடியும், அப்போது தேடி வருவேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்தக் கதை பிடித்திருந்தது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் பார்க்காத ஒன்பது கதைகளும் அந்தக் கடைசிக் காட்சியிலிருந்து கிளம்பியவை மாதிரிதான். பேஜ் விஷயமும் அப்படியே நின்றுவிடவில்லை. ஃபாயில் அமெரிக்காவுக்குப் போகிறார். என்ன ஆயிற்று என்று நான் சொல்லப் போவதில்லை.

அவ்வளவு ஏன், நீங்கள் முடிவு என்று நினைக்கும் 'ஆல் கிளியர்' கதையிலேயே அது ஆரம்பித்துவிடுகிறதே. அதன் அடியில் கிடப்பது ஸ்லாப்டன் சாண்ட்ஸ். 1944 ஏப்ரலில் டெவன் கடற்கரையில் நார்மண்டி தரையிறக்கத்துக்கு ஒத்திகை நடந்தபோது ஜெர்மன் வேகப் படகுகள் புகுந்துவிட்டன. எழுநூற்றுக்கும் மேல் அமெரிக்கர்கள் செத்தார்கள். தரையிறக்க ரகசியம் கசிந்துவிடும் என்று பிழைத்தவர்களின் வாயை அடைத்துவிட்டார்கள். வெளியே வெற்றிவிழா நடக்கிறது, உள்ளே யாருக்கும் சொல்லக்கூடாத சாவு ஒன்று பிரேதமாகக் கிடக்கிறது. நீங்கள் கொடிகளை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

சரி, அப்புறம் என்ன மாறுகிறது? 'இவனை விட்டுவிடு' என்று கேட்பவர் மாறுகிறார். முன்பு குற்றவாளி கேட்டான். இப்போது அரசாங்கம் கேட்கிறது. அதுவும் கெஞ்சிக் கேட்பதில்லை, கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேட்கிறது. கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2010-ல் வந்த 'தி ரஷ்யன் ஹவுஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் ராணுவத்தில் இருந்து பிடிபட்ட ரஷ்யர்கள் இங்கிலாந்தில் கைதிகள். 1945 பிப்ரவரியில் யால்டாவில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் ஸ்டாலினோடு பேசி முடித்த ஏற்பாட்டின்படி அவர்களைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். அங்கே போனால் சுட்டுக்கொல்வார்கள், இல்லை முகாமில் அடைப்பார்கள் என்று கைதிகளுக்கும் தெரியும், அனுப்புகிறவர்களுக்கும் தெரியும். நிஜத்தில் 1945 ஜூன் மாதம் ஆஸ்திரியாவின் லியன்ஸ் பக்கத்தில் ஜெர்மன் தரப்பில் இருந்த கோசாக் குடும்பங்களை பிரிட்டிஷ் சிப்பாய்கள் அடித்து வண்டியில் ஏற்றினார்கள். ஏற மறுத்துத் தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. இந்தக் கதையில் ஃபாயில் ஒரே ஒரு ரஷ்யனைத் தேடுகிறார். கண்டுபிடித்தால் அவனை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். கைவிலங்கு போட்டால் நியாயம் ஜெயித்தது என்ற கணக்கு இங்கே உதவாது.

'கில்லிங் டைம்' கதையில் கறுப்பின அமெரிக்கச் சிப்பாய் ஒருவன், அவனுக்கும் உள்ளூர் வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தை. கறுப்பர்களைத் தனியாக ஒதுக்கி வைக்க ஊர் சபையிடம் அமெரிக்க ராணுவம் ஒத்துழைப்பு கேட்கிறது. இதற்கும் நிஜத்தில் வேர் உண்டு. 1942-ல் போட்ட சட்டம் ஒன்றால் பிரிட்டன் மண்ணில் அமெரிக்கச் சிப்பாய் செய்யும் குற்றத்தை அமெரிக்க ராணுவ நீதிமன்றமே விசாரிக்கும், ஷெப்டன் மாலட் சிறையில் தூக்கிலும் போடும். 1944-ல் லெராய் ஹென்றி என்ற கறுப்பினச் சிப்பாய்க்கு மரண தண்டனை விதித்தபோது பாத் நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் 33,000 பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள், ஐசன்ஹோவர் தண்டனையை ரத்து செய்தார். கதையில் வரும் சிப்பாய்க்கு அப்படி 33,000 பேர் இல்லை. ஃபாயில் மட்டும்தான்.

2013-ல் வந்த கதைகளில் ஃபாயில் லண்டனுக்கு வந்து, பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5-ல் சேர்கிறார். இங்கேதான் பலர் கழன்றுகொண்டார்கள். ஹேஸ்டிங்ஸ் கடல் இல்லை, ஃபாயிலின் உதவி அதிகாரி மில்னர் இல்லை, இது உளவுக்கதை, போலீஸ் கதை இல்லை என்றெல்லாம் புகார். மில்னர் இல்லாதது எனக்கும் குறைதான். நார்வேயில் காலை இழந்துவிட்டு வந்து, மெல்ல மெல்ல மனுஷனாகத் திரும்பிய பாத்திரம் அது. அந்த இடத்தை யாரும் நிரப்பவில்லை. சில கதைகளில் முடிச்சுகளும் அதிகம். 'தி இட்டர்னிட்டி ரிங்' அணுகுண்டு ரகசியக் கதையை இரண்டு தடவை பார்த்தால்தான் யார் யாருக்கு வேலை செய்கிறார்கள் என்று பிடிபடும். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 'சன்ஃப்ளவர்' மாதிரி ஒரு நிலைமையை ஹேஸ்டிங்ஸில் உட்கார்ந்துகொண்டு எழுத முடியுமா? நாஜி ஒருவன் லண்டனில் வேறு பெயரில் பத்திரமாக இருக்கிறான். அவனுக்கு ரஷ்யர்களைப் பற்றித் தெரியும் என்பதால் அவனைக் காப்பாற்றும் வேலை ஃபாயில் தலையிலேயே விழுகிறது. அவன் அமெரிக்கக் கைதிகளைக் கூட்டமாகக் கொன்றவன் என்று விசாரணையில் தெரியவருகிறது. மேலதிகாரிகள் அசருவதில்லை. நிஜத்தில் பிரான்சின் லியோன் நகரத்தில் கெஸ்டாபோ என்ற நாஜி ரகசிய போலீஸின் தலைவனாக இருந்த கிளாஸ் பார்பியை 1947 முதல் அமெரிக்க ராணுவ உளவுத்துறை சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அவன் பிரான்ஸ் கோர்ட்டில் தண்டனை வாங்க 1987 ஆகிவிட்டது. ஃபாயில் அத்தனை வருஷம் காத்திருக்கவில்லை. அவருக்குக் கைது செய்யும் அதிகாரம் இப்போது கிடையாது, கையில் இருப்பது தகவல் மட்டும். அதை யார் காதில் எப்போது போடுவது என்பதில் அவர் செய்யும் வேலை இருக்கிறதே, நீங்கள் கைதட்டுவீர்கள்.

'தி கேஜ்' பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். அதில் ராணுவத்தின் ரகசிய விசாரணைக் கூடம் வருகிறது. நாங்கள் ஜெயித்த தரப்பு, சித்திரவதை எல்லாம் அந்தப் பக்கத்து ஆட்கள் செய்வது என்று பிரிட்டன் நம்பிக்கொண்டிருந்த காலம். நிஜத்தில் லண்டனின் பெரிய பணக்காரத் தெருவான கென்சிங்டன் பேலஸ் கார்டன்ஸிலேயே லெப்டினன்ட் கர்னல் அலெக்ஸாண்டர் ஸ்காட்லண்ட் நடத்திய 'லண்டன் கேஜ்' இருந்தது. அதைவிட மோசம் ஜெர்மனியில் பிரிட்டன் வசமிருந்த பாட் நென்டார்ஃப். ஊர்க் குளியல் விடுதியை விசாரணை மையமாக மாற்றி, கைதிகளைப் பட்டினி போட்டு, குளிரில் நிறுத்தி, எலும்பும் தோலுமாக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சிலர் செத்தார்கள். 1947-ல் விஷயம் வெளியே வந்தபோது யாரை விசாரிக்க அனுப்பினார்கள் தெரியுமா? ஸ்காட்லண்ட் யார்டிலிருந்து இன்ஸ்பெக்டர் டாம் ஹேவர்ட் என்ற ஒரு போலீஸ்காரரை. அவர் போய்ப் பார்த்து, கேட்டு, எழுதிக் கொடுத்தார். மையத்தை மூடினார்கள். ராணுவ விசாரணையில் தலைமை அதிகாரி ராபின் ஸ்டீபன்ஸ் குற்றமற்றவர் என்று விடுதலையானார், மருத்துவ அதிகாரிக்கு மட்டும் வேலை போனது. அந்தக் கோப்புகள் மக்கள் கண்ணில் பட்டது 2005-ல். சொந்த அரசாங்கத்தின் உளவுத்துறைக்குள் ஒரு சாதாரண போலீஸ் அதிகாரி நோட்டுப் புத்தகத்தோடு நுழைவதெல்லாம் டிவி கற்பனை என்று நீங்கள் சொல்லக்கூடும் என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டினேன்.

பின்னணியில் வரும் பிரிட்டனையும் கவனியுங்கள். போர் நடந்த காலம் முழுக்க ரேஷன் இல்லாமல் கிடைத்த ரொட்டிக்கு, ஜெயித்து ஒரு வருஷம் கழித்து, 1946 ஜூலையில் ரேஷன் வந்தது. இரண்டு வருஷம் அப்படியே இருந்தது. 1947 குளிர்காலத்தில் நிலக்கரி இல்லாமல் ஆலைகளை மூடினார்கள். வீடில்லாத குடும்பங்கள் காலி ராணுவ முகாம்களில் புகுந்து குடியேறின. ரேஷன் முழுசாக ஒழிய 1954 ஆயிற்று. போர்க்காலத்தில் ஃபாயிலுக்குக் கார் ஓட்டிய சாம் இப்போது கல்யாணமாகி, லேபர் கட்சி எம்.பி.யின் மனைவியாக இதற்கு நடுவே வாழ்கிறாள். ஓட்டுப் போட்டவர்கள் ரொட்டி எங்கே என்று வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்கிறார்கள். போர்க்காலத்தில் பசி பசி என்று சாம் செய்யும் கலாட்டாவை ரசித்தவர்களுக்கு, ஹனிசக்கிள் வீக்ஸ் அதே பெண்ணைக் கொஞ்சம் களைப்போடு நடிப்பது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஃபாயிலாக வரும் மைக்கேல் கிச்சனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எழுதிக் கொடுத்த வசனத்தை இன்னும் குறையுங்கள் என்று கேட்டு வாங்கி வெட்டும் நடிகர் அவர். ஹேஸ்டிங்ஸில் அந்த மௌனம் நிதானமாகத் தெரிந்தது. எம்ஐ5 அறையில் அதே மௌனம் எதிரே இருப்பவரை நெளிய வைக்கிறது. உளவுத்துறை அதிகாரி ஹில்டா பியர்ஸாக வரும் எல்லி ஹாடிங்டன் மட்டும் நெளிவதில்லை. இரண்டு பேரும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சிகளுக்காகவே இந்தக் கதைகளைப் பார்க்கலாம்.

கடைசிக் கதை 'எலீஸ்' அந்த ஹில்டாவைப் பற்றியதுதான். ஆரம்பத்திலேயே அவர் மேல் துப்பாக்கிச் சூடு. போரில் பிரான்சுக்கு அனுப்பிய ரகசிய ஏஜெண்டுகள் இறங்கியதும் ஏன் பிடிபட்டார்கள், வயர்லெஸ் எதிரி கையில் சிக்கிவிட்டது என்று தெரிந்தும் அடுத்தடுத்து ஆட்களை அனுப்பினார்களா என்று கதை போகிறது. திப்பு சுல்தான் வம்சத்தில் வந்த நூர் இனாயத் கானை உங்களுக்குத் தெரியும். 1943-ல் பாரிஸில் பிடிபட்டு, 1944 செப்டம்பரில் டாகாவ் முகாமில் சுடப்பட்டவர். அவருடைய வயர்லெஸ்ஸை வைத்து ஜெர்மானியர்கள் ஆடிய ஆட்டத்தை லண்டன் கண்டுகொள்ளவில்லை. போர் முடிந்தபின் வெரா அட்கின்ஸ் என்ற அதிகாரி ஜெர்மனிக்கே போய், காணாமல்போன 118 ஏஜெண்டுகளுக்கு என்ன ஆயிற்று என்று கைதிகளை விசாரித்துத் தேடினார். ஹில்டாவைப் பார்க்கும்போது எனக்கு வெராவின் ஞாபகம்தான் வருகிறது.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பீர்கள். வரிசைப்படி போக வேண்டும் என்பது உங்கள் கொள்கை, ஆனால் இந்தத் தடவை விட்டுக்கொடுங்கள். முதலில் 'தி ரஷ்யன் ஹவுஸ்', அதில் மில்னரும் உண்டு. அப்புறம் நேராக 'சன்ஃப்ளவர்'. அது பிடித்தால் மற்றதெல்லாம் வரிசையாக. 'ட்ரெஸ்பாஸ்' பாலஸ்தீனப் பிரச்சினையைத் தொட்டுப் பெரிசாக ஆரம்பித்து நடுவில் தொய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். 'எலீஸ்' கடைசியில்தான். அதில் ஹில்டா எடுக்கும் முடிவு சரியா தப்பா என்று எனக்கும் அக்காவுக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை. நான் ஹில்டா பக்கம். அக்கா அப்பட்டமாக எதிர்ப்பக்கம். நீங்கள் பார்த்து முடித்ததும் தீர்ப்பை அத்தையிடம் சொல்லி அனுப்பாமல் நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்