குளக்கரை மருதமரங்களையும் மரத்தவளைக் கூடுகளையும் காக்கக் கோரும் மனு

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
தம்பலகாமம்,
திருகோணமலை மாவட்டம்.

மதிப்புக்குரிய ஐயா/அம்மணி,

விடயம்: குளத் திருத்த வேலையை மாரிக்கு முன் முடித்தலும் நீர்க்கரை மருதமரங்களைத் தறிக்காது விடுதலும்

எங்கள் கிராமக் குளத்தின் கட்டைத் திருத்தும் வேலை இம்முறை ஐப்பசியில் தொடங்கப்போவதாக அறிந்தோம். குளம் திருத்தப்பட வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. கட்டின்மேல் வேரோடி நீர் கசியச் செய்யும் மரங்களை அகற்றுவதையும் நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கட்டுக்கு எதிர்ப்பக்கம், தண்ணீருக்கு மேலே சாய்ந்து நிற்கும் மருதமரங்களையும் சேர்த்துத் தறிக்கப்போகிறார்களாம். அதுதான் எங்கள் கவலை.

அந்தக் கொப்புகளில்தான் மரத்தவளை கூடு கட்டுகிறது. ஊரில் தேரை என்போம். கோடையில் குளியலறைச் சுவரிலும் தண்ணீர்க் குடத்தின் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே தவளைதான். தேங்காய்க்குள் பருப்பு இல்லாவிட்டால் தேரை மோந்தது என்று அதன்மேல் பழியும் போடுகிறோம். மழை பிடித்த இரவுகளில் அது குளக்கரைக்கு வரும். பெண் தவளை தான் சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து அடித்து, முட்டை வெள்ளைக்கருவை அடித்ததுபோல் நுரையாக்கி அதற்குள் முட்டையிடும். வெளிப்புறம் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் நுரை இளகி, வாற்பேத்தைகள் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். கீழே தண்ணீர் இருந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்துக் குளமொன்றில் மழை தொடங்கிய பிறகு பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இறக்கினார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். தறித்த கொப்புகள் கட்டில் குவிந்து கிடந்தன. ஒரு கொப்பில் மட்டும் நான்கு நுரைக்கூடுகள். ஒன்றைப் பிட்டபோது உள்ளே வாற்பேத்தைகள் துடித்துக்கொண்டிருந்தன. என்னுடன் வந்த பிள்ளைகள் சிரட்டையில் அள்ளிக்கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார்கள். எல்லாவற்றையும் அள்ள முடியவில்லை, வெயில் ஏறிவிட்டது.

தேரை எங்கும் இருப்பதுதானே என்று கேட்கலாம். மலைநாட்டில் நடந்ததை நினைத்துத்தான் பயப்படுகிறோம். மரமேறி என்று பொருள்படும் தருகா என்ற தவளைப் பேரினம் இலங்கையில் மட்டுமே உண்டு. அதுவும் இப்படியே நீருக்கு மேலே நுரைக்கூடு கட்டும். மலைக்காட்டுப் புதர்த்தவளைகளோ குளம் குட்டை தேடாமல் ஈர மண்ணிலும் இலையிலும் முட்டையிடும். வாற்பேத்தைப் பருவமே இல்லாமல் குட்டித் தவளையாகவே வெளிவரும். அந்த ஈரத்தைக் காப்பது மர நிழல். கோப்பிக்கும் தேயிலைக்குமாகக் காடு போன பிறகு, இந்தப் புதர்த்தவளைகளில் 15க்கும் மேற்பட்ட இனங்கள் அழிந்துவிட்டதாகப் பதிவாகியுள்ளன. 1853 இல் கெலார்ட் என்ற இராணுவ மருத்துவர் நுவரெலியாவிலிருந்து முதன்முதலில் விவரித்து எழுதிய புள்ளித்தவளையும் அழிந்ததாகவே கருதப்பட்டது. 2009 இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அது மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. எங்கள் தம்பலகாமக் குடாவின் முத்துச்சிப்பியை ஆராய்ந்தவரும் இதே கெலார்ட்தான் என்பதில் எங்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு. எல்லாத் தவளைக்கும் அப்படி மறுபடி கண்ணில் படும் அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

ஆகவே, சிறுபோக அறுவடை முடிந்து குளம் வற்றிக் கிடக்கும் ஆவணி, புரட்டாசிக்குள் வேலையை முடிக்க ஆவன செய்யும்படி பணிவுடன் வேண்டுகிறோம். அது மழைக்குள் இழுபட்டாலும், நீருக்கு மேலே நிற்கும் கொப்புகளைத் தை பிறக்கும்வரை தொடக்கூடாது என்று ஒப்பந்தகாரருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கட்டில் தறித்தே ஆகவேண்டிய மரங்களுக்கு, கிராம உத்தியோகத்தரும் கமக்காரர் அமைப்பும் கூட நிற்கும்போது சுண்ணாம்பால் குறியிட்டுவிட்டால் பிறகு பிணக்கு வராது.

குறியிட வரும் நாளை முதல்நாளே அறிவித்தால், எந்தெந்த மரத்தில் கூடு கட்டும் என்று காட்ட நானும் பிள்ளைகளும் காலை ஆறு மணிக்கே குளக்கட்டில் நிற்போம்.

இங்ஙனம்,
ஊர்மக்கள் சார்பாக,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை