மகனே, எழுந்து வந்துவிடு

அன்பு மகனுக்கு,

இயேசுவின் நாமத்தில் அம்மாவின் வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கால்வலி பரவாயில்லை. தங்கை பரீட்சைக்குப் படிக்கிறாள்.

சனிக்கிழமை ராத்திரிகளில் நீ போனை எடுப்பதில்லை. மறுநாள் குரல் வேறு மாதிரி இருக்கிறது. வேலை அதிகம் என்கிறாய், சரி. நான் எதையும் கேட்கவில்லை. பெரியப்பா விஷயம் உனக்கே தெரியும், அதை மறுபடி எடுக்க எனக்கு மனமில்லை.

சோதனை வருவது பாவம் இல்லையப்பா. ஆண்டவரே வனாந்தரத்தில் 40 நாள் உபவாசம் இருந்தார். அவருக்குப் பசி உண்டான பிறகுதான் சோதனைக்காரன் பக்கத்தில் வந்தான். உடம்பு ஓய்ந்து, மனம் தனியாக இருக்கும் நேரம் அவனுக்குத் தெரியும். மூன்று தடவையும் இயேசு வேதத்தில் உபாகமப் புத்தகத்து வசனத்தைச் சொல்லித்தான் அவனுக்குப் பதில் கொடுத்தார். அவருக்கே வசனம் தேவைப்பட்டது என்றால் நமக்கு?

119-ஆம் சங்கீதத்தின் 176 வசனத்தையும் பார்க்காமல் சொன்ன பிள்ளை நீ. “நான் உமக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்யாதபடிக்கு, உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்” என்று நீ சொல்லும்போது சபையே உன்னைப் பார்த்தது. எனக்கு அவ்வளவு பெருமை. இப்போது வேதத்தைத் திறந்து எத்தனை நாள் ஆகிறது என்று நினைத்துப் பார். பரிசு வாங்கவா அதையெல்லாம் மனப்பாடம் பண்ணினாய்?

யோசேப்பை நினைத்துக்கொள். அவனுடைய எஜமான் போத்திபாரின் மனைவி தன்னோடு பாவம் செய்யும்படி நாள்தோறும் வற்புறுத்தினாள், அவனும் மறுத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அவள் அவன் உடையைப் பிடித்தபோது, அங்கே நின்று பேசவில்லை. உடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான். அதற்கு அவனுக்குக் கிடைத்தது சிறைச்சாலை, ஆனால் கர்த்தர் அங்கேயும் அவனோடே இருந்தார். கூட இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், நீ எழுந்து வந்துவிடு. “இன்று ஒரு நாள் மட்டும்” என்று உட்காராதே. “சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்” என்று பவுல் எழுதியிருக்கிறார். வழியை அவர் திறந்து வைப்பார், எழுந்து நடக்கவேண்டியது நீதான்.

பிற்காலத்தில் சபையின் பெரிய போதகரான அகஸ்டினும் வாலிபத்தில் எழுந்து வராமல் நாளைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தார். பரிசுத்தத்தைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம் என்று ஜெபித்தவர் அவர். அவருடைய தாய் மோனிக்கா அவருக்காக வருஷக்கணக்கில் அழுது ஜெபித்தார். 386-ல் மிலான் நகரத்தில், ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்த அகஸ்டின் ரோமர் நிருபத்தைத் திறந்தார். களியாட்டையும் வெறியையும் விட்டுக் கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளச் சொல்லும் 13-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. நான் திரும்பத் திரும்ப நினைப்பது அதற்கப்புறம் நடந்ததை. அவர் முதலில் பக்கத்தில் இருந்த நண்பன் அலிப்பியுஸிடம் சொன்னார். பிறகு இரண்டு பேரும் உள்ளே போய் அந்த அம்மாவிடம் சொன்னார்கள்.

எனக்கும் அது போதும் மகனே. திட்டமாட்டேன். அப்பாவிடமும் சொல்லமாட்டேன், நீயாகச் சொல்லும்வரை. என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் போதகரிடம் சொல். யாரிடமாவது சொல். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஜெபம்பண்ணச் சொல்கிறார் யாக்கோபு. தனியாகச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதே. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மூன்று சீஷர்களைக் கூட்டிக்கொண்டு போய், என்னோடேகூட விழித்திருங்கள் என்றார்.

ஒருவேளை ஏற்கெனவே விழுந்துவிட்டாய் என்றால், பேதுருவைப் பார். இயேசுவைத் தெரியாது என்று அவன் மறுதலிப்பதற்கு முன்பே ஆண்டவர், “உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்” என்றார். விழப்போகிறவன் என்று தெரிந்தும் அவனுக்காக ஜெபித்தவர், உன்னைக் கைவிடுவாரா?

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரியில் தனியாக இருக்காதே. அந்தக் கூட்டத்தில் போய் உட்காராதே, கூப்பிட்டாலும் போகாதே. காலையில் ஒரு அதிகாரமாவது வாசி.

அடுத்த வாரம் அண்ணன் அங்கே வருகிறான். நான்தான் போகச் சொன்னேன், கோபப்படாதே. அவனுக்கு எதுவும் தெரியாது, உன்னோடு இரண்டு நாள் இருக்கட்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவனோடு ஆராதனைக்குப் போ.

இப்படிக்கு,
உனக்காக ஜெபிக்கும் அம்மா